மண்டபத்து அண்ணாச்சியும் அறுபது புள்ளியும்

ஆவரங்குறிச்சி ஊர்ப் பொதுக் கல்யாண மண்டபத்தில் கல்லோட்டுப் பூதம் வந்து படுத்தது ஆடி மாதம் இரண்டாம் தேதி, பகல் பன்னிரண்டரை மணிக்கு, கரண்ட் போய் வந்த இரண்டு நிமிஷ இடைவெளியில். ஆடியில் ஊரில் ஒருத்தரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், மண்டபம் காலியாகத்தான் கிடக்கும் என்று நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டு வந்தது போலத்தான் இருந்தது அதன் வரவு. ஆகையால் யாரும் அதைத் தொந்தரவாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கிருந்து வந்தது என்பதிலும் ஊருக்குக் குழப்பம் கிடையாது. பஜாரில் ஜெராக்ஸ், லேமினேஷன், பரீட்சை விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் செய்து கொடுக்கும் கடை முப்பிடாதியுடையது. முப்பத்தொரு வயசு. மத்தியானம் கூட்டம் குறைந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ‘ஏழாம் கோட்டை’ என்ற விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஆடுவாள். அந்த விளையாட்டில் ஒரு சின்னப் பெண், கோட்டை கூட்டுகிற வேலைக்காரியாகக் கையில் ஒரு வாரியலோடு புறப்பட்டு, வழியில் கத்தி, வேல், வில் என்று ஆயுதங்களைச் சேர்த்து, பூதங்களை வீழ்த்திக் கோட்டை கோட்டையாகப் போக வேண்டும். ஆடுகிறவர்கள் எல்லோரும் முதல் பத்து நிமிஷத்தில் ஒரு துருப்பிடித்த கத்தி கிடைத்ததுமே வாரியலைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். முப்பிடாதி எறியவில்லை. காலியான டோனர் டப்பாவைக்கூட எறிய மனசு வராமல் பரணில் அடுக்கி வைத்திருக்கிறவள் அவள். ஆறு கோட்டை தாண்டியாயிற்று. ஏழாவதில் இந்தக் கல்லோட்டுப் பூதம், யானைக் காலும் ஆமை ஓடும் எருமை முகமுமாக, அறுபத்து மூன்று தடவை அவளை மிதித்துக் கொன்றுவிட்டது. அறுபத்து நாலாவது தடவை மிதிக்கக் காலைத் தூக்கிய நேரத்தில்தான் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது திரையில் கோட்டை இருந்தது, அந்தப் பெண் இருந்தாள், பூதத்தைக் காணோம். மண்டபத்துப் பக்கமிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

“கரண்டு போயி வந்தா சில சாமான் புகைஞ்சிரும், சில சாமான் வெளிய வந்துரும்” என்றார் லைன்மேன், கம்பத்திலிருந்து இறங்காமலே. அதற்கு மேல் யாரும் காரணம் கேட்கவில்லை.

முதல் நாள் ஊரே போய்ப் பார்த்தது. இரண்டாம் நாள் பலகாரம் கொண்டுபோனது. மூன்றாம் நாளிலிருந்து அதன் பக்கத்தில் நின்றுகொண்டு அவரவர் வீட்டுக் கதையைப் பேச ஆரம்பித்துவிட்டது. பூதத்தின் தலை மணமேடை மேலும் வால் பந்திக்கூடத்திலும் கிடந்தன. நடுவே ஓடு, சீலிங் ஃபேனுக்கு ஒரு சாண் கீழே, தையல்காரன் அளவெடுத்துத் தைத்தது போல மண்டபத்துக்குள் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அது மூச்சு விடும்போதெல்லாம் பதினாறு ஃபேனும் கரண்ட் இல்லாமலே சுற்றின. ஓடு எப்போதும் கதகதப்பாக இருந்ததால், சாரல் பிடித்து வெயிலே தலைகாட்டாத அந்த ஆடியிலும் பெண்கள் ஏணி வைத்து ஏறி அதன்மேல் கூழ்வற்றல் காயப்போட்டார்கள். சாப்பாடு என்று பார்த்தால் எச்சில் இலை மட்டும்தான் தின்றது. பஜாரில் இருந்த மூன்று ஹோட்டல்காரர்களும் இலையை எங்கே கொட்டுவது என்ற பத்து வருஷத் தகராறை விட்டுவிட்டுத் தள்ளுவண்டியில் அங்கே அனுப்பினார்கள். அத்தனை பெரிய உருவத்தை ‘அது’ என்று சொல்ல ஊருக்கு வாய் வரவில்லை. ஒரு வாரத்துக்குள் ‘மண்டபத்து அண்ணாச்சி’ என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு அம்மன் சப்பரம் வந்தபோது மண்டப வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தி, அண்ணாச்சியின் மூக்கு நுனியில் திருநீறு பூசிவிட்டுப் போனார்கள். அதோடு அண்ணாச்சி உள்ளூர்க்காரர் ஆகிவிட்டார்.

முப்பிடாதி மட்டும் போய்ப் பார்க்கவில்லை. தன் கடையிலிருந்து வெளியே போன சாமான் என்ற கூச்சம். அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. ஆவணி ஐந்தாம் தேதி, அந்த மாசத்து முதல் முகூர்த்தத்தில், அதே மண்டபத்தில் அவளுக்குக் கல்யாணம்.

மாப்பிள்ளை கொம்பையா, மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறவன். போன வருஷமே தேதி குறித்து, பத்திரிகை அடித்து, அதையும் அவள் கடையிலேயே அடித்து, எல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளையின் அப்பா இறந்துபோனார். ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. இப்போது நாற்பது நாள் லீவில் வந்திருக்கிறான். ஆவணி ஒன்பதாம் தேதி விமானம். அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம் ஆகும். மாப்பிள்ளையின் அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: “ரெண்டு தேதி குறிச்சாச்சு. மூணாவதுன்னு ஒண்ணு குறிக்கணும்னா, வேற வீடு பாத்துக்கிடுங்க.” சுற்றுவட்டாரத்தில் உள்ள மண்டபம் எல்லாம் ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஆறு மாசம் முன்னாலேயே போய்விட்டிருந்தன.

மண்டபச் செயலாளர் நயினார்தான் கொடைக் கமிட்டித் தலைவரும். ஆடி இருபதாம் தேதி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, வெற்றிலைத் தட்டோடு போய், அண்ணாச்சியின் காதுப் பக்கமாக நின்று முறைப்படி கேட்டார்.

“அண்ணாச்சி, ஆவணி அஞ்சுக்கு நம்ம பிள்ளைக்கு முகூர்த்தம். ஒருநாள் மட்டும் எந்திரிச்சுக் குடுத்தா நல்லாருக்கும்.”

அண்ணாச்சி முழுவதும் கேட்டுவிட்டு மறுபக்கம் புரண்டு படுத்தார். நாற்பது நாற்காலி போயிற்று.

அன்றைக்கு மத்தியானம், பதினெட்டு நாளாகத் தொடாத அந்த விளையாட்டை முப்பிடாதி திறந்தாள். பூதமில்லாத கோட்டைக்குள் அந்தச் சின்னப் பெண் தனியாக நின்றிருந்தாள். எரிச்சலில் ஒரு கத்தியை எடுத்து வெறும் தரையில் எறிய வைத்தாள். அதே நேரம் மண்டபத்தில் வற்றல் கிளறிக்கொண்டிருந்தவர்கள், ஓட்டில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு விழுந்ததைப் பார்த்தார்கள். இரண்டாவது கத்தி எறிந்தாள், இரண்டாவது கோடு விழுந்தது. ஆக, சண்டை இன்னும் முடியவில்லை, அண்ணாச்சி மண்டபத்தில் இருந்தாலும் அடி திரையிலிருந்துதான் போய்ச் சேர வேண்டும் என்று ஊருக்குப் புரிந்தது.

புரிந்த அரை மணி நேரத்தில் ஆறு தெருக்காரர்களும் ஜெராக்ஸ் கடையில் கூடிவிட்டார்கள்.

முப்பிடாதி விஷயத்தைச் சொன்னாள். மொத்தம் அறுபது புள்ளி, எல்லாம் ஏற்கெனவே ஆயுதங்களில் போட்டாகிவிட்டது. எந்த ஆயுதத்தில் எத்தனை புள்ளி போடுகிறோமோ அந்த அளவுக்கு அது வலுக்கும். போட்டதைத் திரும்ப எடுக்க ஒரு குப்பி மருந்து குடிக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது மூன்று குப்பி கொடுத்தார்கள், ஒன்றை விவரம் தெரியாத காலத்தில் வீணடித்துவிட்டாள், இரண்டு மிச்சம்.

“இதுல என்ன யோசனை? சம்மட்டிதான்” என்றார்கள் மேலத்தெருக்காரர்கள். அங்கே பாதிப் பேர் கல்குவாரி வேலைக்காரர்கள். “ஓடு கல்லுன்னா, கல்லை உடைக்கது எங்க சோலி.”

“நீங்க சம்மட்டியைத் தூக்கி முடிக்கதுக்குள்ள அண்ணாச்சி காப்பி குடிச்சிட்டு வந்து மிதிப்பாவ” என்றார் தெற்குத்தெரு கறிக்கடைக்காரர். “ரெட்டைக் கத்தி. சடசடன்னு நாலு போடு. எந்த உருப்படியா இருந்தாலும் கழுத்து கழுத்துதான்.”

கீழத்தெரு வேல் என்றது. வடக்குத்தெரு, கிட்டே போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம், வில் என்றது. சந்தைத் தெருவில் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர், விஷம் தடவிய ஊசி ஒன்று போதும், செடிக்குச் செடி அடிக்கிற மாதிரி அடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிடலாம் என்றார். ரிட்டையர் ஆனவர்கள் நிறைந்த ஸ்டேஷன் ரோட்டுக்காரர்கள், முதலில் கேடயம், நம் உசிரு முக்கியம் என்றார்கள்.

“கேடயத்தை வச்சுக்கிட்டு என்னய்யா, அண்ணாச்சிக்குப் பரிமாறவா போறீரு?” என்று யாரோ கேட்க, சத்தம் கூடிப் போய், லேமினேஷன் மெஷின் மேசையிலிருந்து விழுந்தது.

நயினார் கையைத் தூக்கினார். “கொடைக்கு ஆறு நாள், ஆறு தெரு. தெருவுக்கு ஒரு நாள் மண்டகப்படி. நாப்பது வருசமா அப்படித்தான் நடக்கு. இதுவரைக்கும் சண்டை வந்திருக்கா?”

“வந்திருக்கு” என்றது ஸ்டேஷன் ரோடு.

“வந்துச்சி, நின்னுச்சுல்லா? அறுபதை ஆறால வகு. தெருவுக்குப் பத்து. ஒருத்தருக்கு ஒண்ணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல.”

“மாமா” என்றாள் முப்பிடாதி, “முப்பது புள்ளிக்குக் கீழ போட்டா எந்த ஆயுதமும் ஆயுதமே இல்ல. அது சும்மா கையில இருக்கும், அவ்வளவுதான். ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு. அதுக்கு மேல...”

“நீ கல்யாணப் பொண்ணு. சும்மா இரு தாயி. ஒரு தெருவை விட்டுட்டு ஒரு தெரு ஆயுதத்தை எடுத்தேன்னா நாளைக்கு உன் கல்யாணத்துக்கு யாரு வருவா?”

முப்பிடாதி புள்ளிக் கணக்கை அத்தோடு விட்டாள். ஊரில் யார் வந்து எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவள். தீர்மானப் புத்தகத்தில் ஆறு தெருவும் கையெழுத்துப் போட்டது. முப்பிடாதி அதை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தாள்.

மிச்சமிருந்ததில் ஒரு குப்பியைக் குடித்துப் பத்துப் பத்தாகப் பிரித்துப் போட்டாகிவிட்டது. சண்டைக்குக் குறித்த நேரத்தில் பஜார் முழுக்கக் கடை முன்னால் நின்றது. மண்டபத்தில் நடப்பதைச் சொல்வதற்குக் கறிக்கடைக்காரரின் மச்சான் அங்கே செல்போனோடு நின்றான். கறிக்கடைக்காரர் கேட்கக் கேட்க, ஸ்பீக்கரில் அவன் பதில் வந்தது.

“மச்சான், சம்மட்டி விழுந்துச்சா?”

“விழுந்துச்சு. அண்ணாச்சி கொட்டாவி விட்டாவ.”

“வில்லு?”

“ஏதோ ஈ ஒக்காந்த மாதிரி காதை ஆட்டுனாவ.”

“கத்தி போட்டமே, நம்ம கத்தி!”

“சும்மா சொல்லக்கூடாது அத்தான். சொறிஞ்சு விட்ட மாதிரி கண்ணை மூடிக்கிட்டாவ.”

திரையில் அந்தச் சின்னப் பெண், முதுகில் வில்லும் இடுப்பில் கத்தியும் ஒரு கையில் வேலும் ஒரு கையில் கேடயமும் தோளில் சம்மட்டியுமாக, வீடு மாற்றுகிறவள் போலத் தள்ளாடி நாலடி நடந்து, எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றாள். மண்டபத்தில் அண்ணாச்சி வாலால் ஒரு தட்டு. திரையில் ‘மாண்டாய்’ என்று சிவப்பெழுத்து வந்தது. மண்டபத்தில் எண்பது நாற்காலி போயிற்று.

அதற்குப் பிறகு ஊரில் பேச்சு ஒரே பேச்சாக இருந்தது. மற்ற ஐந்து தெருவும் தங்கள் புள்ளியைத் தின்றுவிட்டதாக ஆறு தெருவும் சொன்னது. ஆடி முடிந்து ஆவணி பிறந்தது. முப்பிடாதியின் அம்மா அண்டா குண்டான்களைக் கழுவுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருநாள் கழுவி ஒருநாள் கவிழ்த்து வைத்தாள்.

ஆவணி இரண்டாம் தேதி காலையில் கொம்பையா கடைக்கு வந்தான். பாஸ்போர்ட்டை நீட்டி, “ரெண்டு காப்பி” என்றான். கல்யாணப் பேச்சு ஆரம்பித்து ஒன்றரை வருஷத்தில் அவர்கள் தனியாக நின்று பேசியது அதுதான் முதல் தடவை. அவள் இரண்டு காப்பி எடுத்தாள். மெஷின் நின்ற பிறகும் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“உங்கம்மா என்ன சொல்லுதாக?” என்று கேட்டாள்.

“அம்மா சொன்னதையேதான் சொல்லுது.” காப்பியை மடித்துக்கொண்டே, “நீங்க அண்ணாச்சியை நேர்ல போய்ப் பாத்தீங்களா?” என்றான்.

“அறுபத்து நாலு தடவை பாத்திருக்கேன்.”

“அது அவரு உங்களை மிதிக்க வரும்போது. சும்மா இருக்கும்போது பாத்தீங்களா? நாங்க கிரேன்ல எதையும் உடனே தூக்க மாட்டோம். முதல்ல அரை மணி நேரம் சுத்திச் சுத்தி வருவோம். எங்க கனம் இருக்கு, எங்க கொக்கி போட்டா அதுவா எந்திரிக்கும்னு பாத்துட்டுத்தான்...” சொல்லிக்கொண்டே வந்தவன் தான் நிறையப் பேசிவிட்டதை உணர்ந்து நிறுத்தினான். “பாஸ்போர்ட்டைக் குடுங்க.”

அவன் போனதும் அவள் ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டு மண்டபத்துக்குப் போனாள்.

அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்தார். ஃபேன்கள் மெல்லச் சுற்றின. மேலே வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. திரையில் பார்த்த முகம்தான், ஆனால் ஒட்டிய இலைத்துண்டும் திருநீறுமாக, ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்த மாதிரி இருந்தது. அவள் ஒரு முழு நாற்காலியைத் தேடி எடுத்து உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் சண்முகக்கனி வந்தாள். மண்டபத்தில் பெருக்கும் வேலை இருபது வருஷமாக அவளுடையது. பூதம் வந்து படுத்ததற்காக அதை நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை, அவளும் நிறுத்தவில்லை. தினமும் பதினோரு மணிக்கு வருவாள், தென்னை ஈர்க்கு வாரியலை எடுப்பாள், குனிந்த தலை நிமிராமல் மேற்கு மூலையிலிருந்து ஆரம்பிப்பாள். அன்றும் அப்படியே ஆரம்பித்தாள். சர்ர், சர்ர் என்று வாரியல் அண்ணாச்சியின் முன்னங்கால் பக்கம் வந்தது. அண்ணாச்சி, கண்ணைக்கூடத் திறக்காமல், ஆல மரத்துத் தூர் போன்ற அந்தக் காலை மெல்லத் தூக்கிக்கொண்டார். சண்முகக்கனி அடியில் கூட்டிவிட்டு நகர்ந்தாள். கால் திரும்ப இறங்கியது. அடுத்த கால். அதுவும் தூக்கியது. வால் பக்கம் போனபோது வாலே சுருண்டு ஒதுங்கிக்கொண்டது.

“எக்கா” என்றாள் முப்பிடாதி, எழுந்து நின்று. “இது தினமும் இப்படியா?”

“எது?”

“காலைத் தூக்குதாகளே!”

“வாரியல் கால்ல பட்டா ஆருதான் தூக்க மாட்டா?” என்றாள் சண்முகக்கனி நிமிராமலே. “இந்தா, நீயும் தள்ளு.”

மறுநாள் கமிட்டி இரண்டாவது தீர்மானத்தோடு வந்தது. இந்தத் தடவை சரிசமம் கிடையாது, வாக்காளர் பட்டியல்படி எந்தத் தெருவில் எத்தனை தலையோ அந்த விகிதத்தில் புள்ளி. நயினார் வாசித்துக்கொண்டிருந்தார்: “மேலத்தெரு பதினாலு, கீழத்தெரு பதினொண்ணு...” அவர் சந்தைத் தெருவுக்கு வருவதற்குள் முப்பிடாதி கடைசிக் குப்பியைக் குடித்துவிட்டாள். அறுபது புள்ளியும் கைக்கு வந்தது. பைக்குள் அடியிலும் அடியில், முதல் கோட்டையிலிருந்து தூக்கிச் சுமந்துகொண்டு வந்த வாரியலை எடுத்தாள். ஒன்று, இரண்டு என்று அறுபதையும் அதில் போட்டாள். ஐம்பத்தொன்பதில்கூட நிறுத்தவில்லை.

நயினார் தீர்மானத்தை மடித்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தார்.

“இது எந்தத் தெரு ஆயுதம்?” என்றார் நயினார்.

“எந்தத் தெருவும் இல்ல மாமா.”

“வாரியலா? அண்ணாச்சியைப் போயி வாரியலாலயா? ஒரு மாசமா ஊருக்குள்ள மரியாதையா இருக்க மனுசனை!”

“பிள்ளைக்குப் புத்தி பேதலிச்சிட்டு” என்றது மேலத்தெரு. “குப்பியும் தீந்துபோச்சு. இனி அவ்வளவுதான்.” தெற்குத்தெருக்காரர், தன் தெரு இந்தக் கல்யாணத்துக்கு வராது என்றார். வடக்குத்தெரு, தெற்குத்தெரு வந்தாலும் வராவிட்டாலும் தாங்கள் வருவதற்கில்லை என்றது.

“அடிச்சு விழுத்தணும்னு நீங்கதான் சொன்னீங்க” என்றாள் முப்பிடாதி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “எனக்கு அவுக எந்திரிச்சாப் போதும்.”

அந்தச் சின்னப் பெண் மற்ற ஆயுதங்களையெல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டுக் கோட்டைக்குள் போனாள். யாரையும் பார்க்கவில்லை. மேற்கு மூலையில் குனிந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. அறுபது புள்ளியின் வலு முழுவதும் அந்த ஈர்க்குகளில் இறங்கியிருந்ததால், ஒரு வீச்சில் நூறு வருஷத்துத் தூசி கிளம்பிப் போயிற்று.

“என்ன நடக்கு அங்க?” என்று நயினார் கறிக்கடைக்காரரின் போனைப் பிடுங்கி, மண்டபத்தில் நின்ற அவர் மச்சானிடம் கேட்டார்.

“தெரியல தலைவரே... அண்ணாச்சி முன்னங்கால் ஒண்ணைத் தூக்குதாவ. இன்னொண்ணையும் தூக்கிட்டாவ! ஏ, பின்னங்காலும்! வற்றல் எல்லாம் சரியுது! எந்திரிச்சிட்டாவ! ஏ, தள்ளுங்க, தள்ளுங்க!”

ஊரே ஓடியது. முப்பிடாதி ஓடவில்லை. கூட்டுவதை நடுவில் நிறுத்தக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. அண்ணாச்சி வாசல் வளைவில் தலை இடிக்காமல் குனிந்து, வாழைமரத் தொட்டியைத் தட்டிவிடாமல் பக்கவாட்டில் ஒதுங்கி, விருந்துக்கு வந்து அதிக நாள் தங்கிவிட்ட சொந்தக்காரர் போலக் கொஞ்சம் வெட்கத்தோடு வெளியே வந்தார். ஒரு மாசம் ஊருக்குள் இருந்தவருக்கு, வாரியல் மேலே படுமுன் எழுந்துவிட வேண்டும் என்பது தெரியாமலா போகும்? பஜார் வழியாக நேராக நடந்து, தண்ணீர் வற்றிக் கிடந்த மேலக்குளத்தில் இறங்கி, அங்கே நிம்மதியாகப் படுத்துக்கொண்டார். மறுநாளே வற்றல் காயப்போடுகிறவர்கள் ஏணியை அங்கே தூக்கிப் போனார்கள்.

ஆவணி ஐந்தாம் தேதி காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் கல்யாணம் நடந்தது. வரமாட்டேன் என்ற இரண்டு தெருவும் முதல் பந்திக்கே வந்துவிட்டது. ஆனால் மேளதாளம் ஓய்ந்து, நாலு பந்தி முடிந்து, இரண்டு மணி ஆகியும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சியை எழுப்பியது எந்தத் தெரு என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. வாரியல் கட்டிய ஈர்க்கு தங்கள் தெருத் தென்னையில் கிழித்தது என்றது கீழத்தெரு. கூட்டுகிறவள் குனிந்து நிற்கும் நிலை வேல் பிடிக்கிற நிலையேதான் என்றது வடக்குத்தெரு, வில்லை மறந்துவிட்டு. ஸ்டேஷன் ரோடு, தாங்கள் முதலிலிருந்தே உசிருக்குச் சேதமில்லாத வழியைத்தான் சொன்னோம் என்று தீர்மானத்தின் ஜெராக்ஸை எடுத்துக் காட்டியது. மூன்று மணிக்கு எமகண்டம். அதற்குள் பொண்ணும் மாப்பிள்ளையும் புறப்பட்டுப் போய் மாப்பிள்ளை வீட்டு நிலையைத் தாண்ட வேண்டும். ஆறு தெருவும் நாற்காலியை வட்டமாக இழுத்துப் போட்டு வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு மருமகளைப் பார்த்தாள். நயினார் கையைத் தூக்கிப் பார்த்தார். அவரே பேச்சில் இழுபட்டு உட்கார்ந்துவிட்டார்.

முப்பிடாதி மாலையோடு எழுந்து பந்திக்கூடத்துப் பக்கம் பார்த்தாள். சண்முகக்கனி முதல் வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்திருந்தாள். சபையில் முதல் மரியாதையாக எந்தத் தெருவுக்குக் கொடுப்பது என்று தீராமல் போன அந்தத் தட்டை முப்பிடாதிதான் அவளுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தாள். இருவர் கண்ணும் சந்தித்தன. சண்முகக்கனி தட்டைக் கீழே வைத்தாள். கதவிடுக்கிலிருந்து வாரியலை எடுத்தாள். குனிந்த தலை நிமிராமல் மேற்கு மூலையிலிருந்து ஆரம்பித்தாள்.

சர்ர், சர்ர் என்று சத்தம் கிட்டே வந்தது. பேச்சு நிற்கவில்லை, ஆனால் மேலத்தெரு காலைத் தூக்கிக்கொண்டது. கீழத்தெரு தூக்கிக்கொண்டது. அப்புறம் ஒவ்வொரு தெருவாக, வேட்டியைச் சுருட்டிப் பிடித்தபடி, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே எழுந்து, வாசல் வளைவில் குனிந்து, வெளியே போயிற்று.

“எத்தனை புள்ளி அது?” என்று கொம்பையா காதோடு கேட்டான்.

“அறுபதும்” என்றாள் முப்பிடாதி. கூட்டின தரை வழியாக இருவரும் நடந்து காருக்குப் போனார்கள்.